கருத்தும் இசைவும்: புதிய மாநில உருவாக்கத்தில் மாநிலச் சட்டமன்றத்தின் இடம்

இந்தியாவில் ஒரு மாநிலத்தைப் பிரித்துப் புதிய மாநிலம் அமைக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் உறுப்பு 3 நாடாளுமன்றத்திற்கு வழங்குகிறது. மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிந்துரையோடுதான் அறிமுகப்படுத்த இயலும்; அதற்கு முன் பாதிக்கப்படும் மாநிலத்தின் சட்டமன்றக் கருத்து கோரப்பட வேண்டும். சாதாரணப் பெரும்பான்மையே போதுமானது. அச்சட்டம் அரசியலமைப்புத் திருத்தமாகக் கொள்ளப்படாது என்கிறது உறுப்பு 4. சட்டமன்றத்திடம் கோரப்படுவது கருத்து மட்டுமே, இசைவு அன்று.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. அரசியலமைப்பு வரைவு, சமஸ்தானங்களாக இருந்த பகுதிகளின் எல்லையை மாற்ற அவற்றின் முன்னிசைவைக் கோரியது. மாகாணங்களுக்குக் கருத்தறிதலே போதுமென்றது. 1948 நவம்பரில் அரசியலமைப்பு நிர்ணய சபையில், இத்தகைய முன்மொழிவு உரிய மாநிலச் சட்டமன்றத்திலிருந்தே எழ வேண்டுமெனக் கே. டி. ஷா வாதிட்டார். சென்னையைச் சேர்ந்த கே. சந்தானம் ஆந்திரரை எடுத்துக்காட்டி அதனை மறுத்தார்: பிரிவினை கோரும் சிறுபான்மையினரின் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றப் பெரும்பான்மை தோற்கடித்தால் அத்துடன் அக்கோரிக்கை முடிந்துவிடும் என்பது அவர் வாதம். ஷாவின் திருத்தம் ஏற்கப்படவில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் இருவகை மாநிலங்களுக்கும் கருத்தறிதலே எஞ்சியது. சந்தானம் சுட்டிய ஆந்திரம், பொட்டி ஸ்ரீராமுலுவின் உயிரிழப்புக்குப் பின், 1953 அக்டோபர் 1 அன்று தனி மாநிலமாயிற்று.

கருத்துரைக்கக் கால வரம்பின்மை ஒரு குறையாக இருந்தது. பதிலளிக்காமலே ஒரு மாநிலம் மசோதாவைத் தேக்கி வைக்க முடியும். 1955ஆம் ஆண்டின் ஐந்தாம் திருத்தம், காலவரம்பு விதிக்கும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்கு அளித்தது. இதனினும் முக்கியமானது பாபுலால் பராத்தே வழக்கு. மகாராஷ்டிரம், குஜராத், பம்பாய் நகரம் என மூன்று அலகுகளை முன்மொழிந்த மசோதாவே 1956இல் பம்பாய்ச் சட்டமன்றத்திற்குச் சென்றது. நாடாளுமன்றம் அதனைத் திருத்தி ஒருங்கிணைந்த இருமொழி மாநிலத்தை உருவாக்கியது. திருத்தப்பட்ட மசோதாவை மீண்டும் சட்டமன்றத்திற்கு அனுப்ப வேண்டியதில்லை என 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சந்தானத்தின் வாதம் பெரும்பான்மையின் தடையதிகாரத்தை மறுப்பதற்கே பொருந்தும். சட்டமன்றம் பார்த்திராத ஏற்பாட்டை அதன் மீது விதிப்பதற்கு அது நியாயமாகாது. இத்தீர்ப்பு அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது எனலாம்.

2000ஆம் ஆண்டின் சத்தீஸ்கர், உத்தராஞ்சல், ஜார்க்கண்ட் உருவாக்கங்களில் தாய் மாநிலங்களின் ஆதரவு இருந்தமையால் இச்சிக்கல் எழவில்லை. தெலங்கானாவில் எழுந்தது. 2013 டிசம்பரில் அனுப்பப்பட்ட மசோதாவிற்கு 2014 ஜனவரி 23 வரை தரப்பட்ட காலம், ஒரு வாரம் நீட்டிக்கப்பட்டது. ஜனவரி 30 அன்று ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் குரல் வாக்கெடுப்பில் மசோதாவை நிராகரித்தது. மக்களவை பிப்ரவரி 18 அன்றும் மாநிலங்களவை 20 அன்றும் அதனை நிறைவேற்றின. ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. அரசியலமைப்பின்படி இதில் எவ்விதப் பிழையும் இல்லை.

இசைவு என்னும் நிபந்தனை ஒரு மாநிலத்திற்கு மட்டும் நீடித்தது. 1954ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, ஜம்மு-காஷ்மீரின் பரப்பையோ பெயரையோ எல்லையையோ மாற்றும் மசோதாவிற்கு அதன் சட்டமன்றத்தின் இசைவு தேவை. 2019 ஆகஸ்டில் அவ்வாணை அகற்றப்பட்டது. சட்டமன்றம் கலைக்கப்பட்டிருந்த நிலையில், அதன் சார்பாக நாடாளுமன்றமே கருத்துரைத்தது. லடாக் பிரிக்கப்பட்டதை 2023 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. எஞ்சிய பகுதியின் மாநிலத் தகுதியை நீக்கியது செல்லுமா என்னும் வினாவை, மாநிலத் தகுதி மீட்டளிக்கப்படும் என்ற ஒன்றிய அரசின் உறுதிமொழியைக் கருதி, அது திறந்தே விட்டது.