வேலை மாறும்போது பிஎஃப் எடுத்தால் என்ன போகும்?

கள்ளிக்குப்பம் பக்கத்து இளைஞர்களுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்பெனி மாறுவது சகஜம். ஒரு வேலையை விட்டு அடுத்தது கிடைக்கும்வரை கை கடிக்கும்போது, ‘பிஎஃப்-ஐ மொத்தமா எடுத்துடலாமா?’ என்று தோணும்.

அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், மாதம் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பாங்க. கம்பெனியும் 1,800 போடும். ஆனால் அதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் போய்விடும். பிஎஃப் கணக்கில் சேர்வது 550 மட்டுமே. ஆக மாதம் 2,350. மூன்று வருஷத்தில் வட்டி இல்லாமலே 84,600 ரூபாய்! 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம்.

பலர் கோட்டை விடுவது அந்த 1,250-ல்தான். மாத ஓய்வூதியத்துக்கு 10 வருஷ சர்வீஸ் வேணும். படிவம் 10சி கொடுத்து அந்தப் பணத்தையும் எடுத்துவிட்டால், அதுவரை உழைத்த வருஷங்கள் கணக்கில் வராது. அடுத்த கம்பெனியில் மறுபடி பூஜ்ஜியம்தான்.

ஐந்து வருஷத்துக்கு முன்பே பிஎஃப் எடுத்தால் வருமான வரிக் கணக்கிலும் அது சேரும்.

புது கம்பெனியில் பழைய யுஏஎன் எண்ணையே கொடுக்கணும். பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்பதையும் இபிஎஃப்ஓ இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.