பழசுன்னு சொன்னா யோசிங்க: மாமல்லபுரமும் சீசன் இல்லாத நாட்களும்

இன்னிக்கு எபிசோட் ஒரு பிள்ளையார்ல ஆரம்பிக்குது. ஒரு சாண் உயரம். கறுப்பா, மடிப்புகள்ல எல்லாம் மண்ணு அப்பின மாதிரி, ஒரு காது ஓரத்துல லேசா உடைஞ்ச பிள்ளையார்.

போன ஜூன் மாசம் என் சித்தப்பா பையன் ஜெர்மனியில இருந்து லீவுக்கு வந்திருந்தான். ஊரப்பாக்கத்துல எங்க வீட்டுல இருந்து வண்டலூர் போய், கேளம்பாக்கம் ரோட்டைப் பிடிச்சு, திருப்போரூர் வழியா ரெண்டு பேரும் பைக்லயே மாமல்லபுரம் போனோம். மண்டையைப் பிளக்குற வெயில். கடற்கரைக் கோயில் பக்கம் கூட்டமே இல்ல. நான் மோர் வாங்கிட்டு வர்ற பத்து நிமிஷத்துக்குள்ள ஒருத்தர் அவன்கிட்ட பேச்சுக் குடுத்துட்டார்.

"சார், இருநூறு வருஷத்து சிலை. இடிஞ்ச கோயில்ல இருந்து வந்தது. சீசன்ல இருபதாயிரத்துக்குக் குறைய மாட்டேன். இன்னிக்கு இன்னும் போணி ஆகல, ஆறாயிரம் குடுங்க போதும்."

குடுத்துட்டான். அவன் முகத்துல அவ்வளவு சந்தோஷம். எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா அந்த வியாபாரி சொன்னது பொய்யா இருந்தா ஆறாயிரம் ரூபா போச்சு. உண்மையா இருந்தா? அது இன்னும் பெரிய பிரச்சினை.

1972-ல இந்தியாவுல தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் வந்துச்சு. அதன்படி நூறு வருஷத்துக்கு மேல பழசான சிலை ஒரு தொல்பொருள். லைசென்ஸ் இல்லாதவர் அதை வியாபாரம் பண்ணக் கூடாது. தனி ஆள் யாரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டு போகவே கூடாது. மீறினா ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். என் தம்பிக்கு மூணு நாள்ல ஃப்ளைட்!

இந்தச் சட்டம் எந்தச் சூழல்ல வந்துச்சுன்னு பார்க்கணும். கும்பகோணம் பக்கம் சிவபுரம்னு ஒரு ஊர். அங்க கிடைச்ச சோழர் காலத்து நடராஜரை 1950-கள்ல பழுது பார்க்கக் குடுத்தாங்க. திரும்பி வந்தது நகல். அசல் கை மாறிக் கை மாறிக் கடைசியில அமெரிக்காவுக்கே போயிடுச்சு. பெரிய சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 1986-ல தான் இந்தியாவுக்குத் திரும்பி வந்துச்சு. சிலைத் திருடங்க பழசைப் புதுசுன்னு சொல்லிக் கடத்துறாங்க. சுற்றுலாப் பயணியை ஏமாத்துறவங்க புதுசைப் பழசுன்னு சொல்லி விக்கிறாங்க. பொய் ஒண்ணு தான், திசை தான் வேற.

சரி, சீசன் இல்லாதப்போ ஏன் இது நடக்குது?

மாமல்லபுரத்துக்கு எப்பவுமே சீசன் உண்டு. பல்லவர் காலத்துல அது துறைமுகம். கப்பல்கள் செல்வத்தோட நின்ன ஊருன்னு திருமங்கை ஆழ்வார் பாடியிருக்கார். பாய்மரக் கப்பலுக்குக் காத்து தான் சீசனைத் தீர்மானிச்சது. இன்னிக்கு வெளிநாட்டுக்காரங்க அதிகம் வர்றது நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும். நாட்டிய விழா நடக்குறதும் டிசம்பர், ஜனவரியில தான். அதுக்கப்புறம் நூறு பேர் வந்த தெருவுல பத்து பேர் தான் வருவாங்க. கடை வாடகை குறையாது, கரண்ட் பில்லும் குறையாது. அன்னிக்கு வர்ற ஒரே ஆள் கிட்ட அன்னிக்குச் செலவை எல்லாம் எடுத்தாகணும். வர்றவரும் திரும்ப வரப் போறதில்ல. நம்ம தெரு மளிகைக்கடை அண்ணாச்சி ஏமாத்தினா நாளைக்கு நாம போக மாட்டோம். அந்தப் பயம் இங்க கிடையாது.

கூட்டம் இருந்தா இன்னொரு நன்மையும் உண்டு. பக்கத்துல நிக்கிறவர் என்ன விலைக்கு வாங்குறார்னு காதுல விழும். ஆள் இல்லாத தெருவுல விலை சொல்ற ஒரே ஆள் விக்கிறவர் தான்.

இந்த ஊர் எவ்வளவு தூரம் வெளியூர்க்காரங்களை நம்பி இருக்குன்னு ஒரு கணக்கு பாருங்க. 2021-22-ல, கொரோனாவுக்கு அப்புறம், இந்தியாவுல கட்டணம் வாங்குற மத்தியத் தொல்லியல் சின்னங்கள்ல வெளிநாட்டுப் பயணிகள் அதிகமா வந்த இடம் மாமல்லபுரம். 1,44,984 பேர். தாஜ்மஹாலுக்கு 38,922 பேர் தான். அதனால ஒரு பயணி மனசு நொந்து போனா, அடி விழறது மொத்த ஊருக்கும்.

இப்போ கதை சொல்றவங்க பத்திப் பேசணும். அவங்களையும் ஏமாத்துறவங்க கணக்குல சேர்த்துடாதீங்க.

1772-லயும் 1776-லயும் வில்லியம் சேம்பர்ஸ்னு ஒரு ஆங்கிலேயர் இங்க வந்தார். அவர் எழுதின கட்டுரை 1788-ல கல்கத்தாவுல அச்சாச்சு. ஊர்ப் பிராமணர்கள் அவருக்கு மகாபலிச் சக்கரவர்த்தி கதையைச் சொன்னாங்க. செம்பு போர்த்தின கோயில் உச்சிகள் கடலுக்குள்ள தெரிஞ்சதை ஊர்ப் பெரியவங்க பார்த்திருக்காங்கன்னும் சொன்னாங்க. அந்தக் கதையை வெச்சு இங்கிலாந்துல ராபர்ட் சவுதி காவியமே எழுதினார். கைடு சொன்ன கதை கடல் தாண்டிப் போச்சு!

அது பொய்யா? 2002-ல தேசிய கடலியல் நிறுவனத்து ஆய்வாளர்களும் இங்கிலாந்துக் குழு ஒண்ணும் சேர்ந்து முக்குளிச்சுப் பார்த்தப்போ, தண்ணிக்கு அடியில சுவர் மாதிரி அமைப்புகளும் செதுக்கின கல்லுகளும் இருந்துச்சு. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்போ, கடல் உள்வாங்கின நேரத்துல வரிசையா கல்லுகள் தெரிஞ்சதைக் கரையில இருந்தவங்க பார்த்தாங்க. சுனாமிக்கு அப்புறம் சாளுவன்குப்பத்துல வெளிப்பட்ட கல்வெட்டுகளைத் தொடர்ந்து 2005-ல தோண்டினதுல பழைய முருகன் கோயில் கிடைச்சது. ஏழு கோயில்ங்கிற எண்ணிக்கை நிரூபணம் ஆகல. ஆனா ஊர்க்காரங்க பேச்சுல ஏதோ ஒரு நினைவு இருந்திருக்கு.

ஐந்து ரதங்களுக்கும் பாண்டவங்களுக்கும் சம்பந்தம் இல்ல. அதுங்க ரதமும் இல்ல. வெண்ணெய் உருண்டைப் பாறையை ஏழு யானை கட்டி இழுத்தாங்கன்னு கைடு சொல்வார். சொல்லட்டும், ரசிச்சுக் கேளுங்க. கதைக்கு நீங்க தனியா காசு குடுக்கல. விலையை, வயசை, தான் யாருங்கிறதை மறைச்சுக் காசு வாங்கினா தான் அது மோசடி.

சிலைக்கு வருவோம். புதுச் சிலையைப் பழசாக்குறது நம்ம ஊர்ல மட்டும் நடக்குற வேலை இல்ல. 1496 வாக்குல இத்தாலியில ஒரு இளைஞன் தூங்குற மன்மதன் சிலை ஒண்ணு செஞ்சான். அதுக்குப் பழமைத் தோற்றம் குடுத்து, ரோமானியர் காலத்துதுன்னு சொல்லி ஒரு தரகர் கார்டினல் ரியாரியோ கிட்ட வித்துட்டார். உண்மை தெரிஞ்சதும் கார்டினல் சிலையைத் திருப்பிக் குடுத்துக் காசை வாங்கிட்டார். ஆனா செஞ்ச கையைப் பார்த்து வியந்து, அந்தப் பையனை ரோமுக்கு வரவழைச்சார். அவன் பேர் மைக்கேலாஞ்சலோ. தரகர் விலையில அவனுக்குக் கிடைச்சது சின்னப் பங்கு தானாம்.

இதை ஏன் சொல்றேன்னா, அன்னிக்கு நாங்க பிள்ளையாரைத் தூக்கிட்டு ஊருக்குள்ள ஒரு பட்டறைக்குப் போனோம். அங்க இருந்த வயசான சிற்பி ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில சாவியால லேசா ஒரு கீறு. வெள்ளையா கோடு விழுந்துச்சு.

"மாக்கல்லு தம்பி. கரியும் எண்ணெயும் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. போன மாசம் செஞ்சதா இருக்கும்."

அப்புறம் தும்பிக்கை வளைவுல விரலை ஓட்டினார். "ஆனா பையன் நல்லா செஞ்சிருக்கான். உங்க ஆறாயிரத்துல அவனுக்கு எவ்வளவு போயிருக்கும்னு நினைக்கிறீங்க?"

நாங்க ஏமாந்தது பத்தி மட்டும் தான் அதுவரைக்கும் யோசிச்சிருந்தோம். பழசுன்னு சொன்ன அந்த நிமிஷமே செஞ்சவன் பேர் அழிஞ்சு போச்சுங்கிறது அவர் கேட்டப்புறம் தான் உறைச்சுது.

இந்த ஊர்க் கைவேலைக்கு அப்படி ஒளிய வேண்டிய அவசியமே இல்ல. 1957-ல அரசு இங்க சிற்பப் பயிற்சி மையம் தொடங்குச்சு, அது தான் பின்னாடி கல்லூரி ஆச்சு. அதை வழிநடத்தின கணபதி ஸ்தபதி தான் கன்னியாகுமரியில 133 அடி திருவள்ளுவர் சிலையை உருவாக்கினவர். 2017-ல மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. புதுசுங்கிறது இங்க குறை இல்ல, அது ஒரு கைத்தொழில் இன்னும் உயிரோட இருக்குங்கிறதுக்கு அடையாளம்.

போறவங்களுக்கு நாங்க பட்டு தெரிஞ்சுக்கிட்டது:

சிலை வாங்கணும்னா பட்டறைக்குப் போங்க. என்ன கல்லு, யார் செஞ்சதுன்னு கேளுங்க. மாக்கல்லு மென்மை, கருங்கல்லு கடினம், விலையும் அதுக்கேத்த மாதிரி மாறும். "புதுசா செஞ்சது"ன்னு எழுதின பில் வாங்குங்க. வெளிநாடு கொண்டு போறவங்களுக்குச் சந்தேகம் இருந்தா, தொல்பொருள் இல்லைங்கிற சான்றிதழைத் தொல்லியல் துறையிலயே வாங்கலாம்.

டிக்கெட்டைத் தொல்லியல் துறை கவுன்ட்டர்லயோ அவங்க இணையதளத்துலயோ மட்டும் எடுங்க. 2018-ல நிர்ணயிச்ச கட்டணம் இந்தியர்களுக்கு 40 ரூபா, வெளிநாட்டவருக்கு 600. பதினஞ்சு வயசுக்குக் கீழ இலவசம். ஒரே டிக்கெட்ல கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்க்கலாம். அர்ச்சுனன் தபசை ரோட்டுல நின்னே பார்க்கலாம்.

கைடு, ஆட்டோ ரெண்டுக்கும் ஏறுறதுக்கு முன்னாடியே மொத்த விலை பேசிடுங்க. "பார்த்துக் குடுங்க"ன்னு சொன்னா ஒரு தொகையை நீங்களே சொல்லுங்க. கைடு கிட்ட அடையாள அட்டை கேக்குறதுல தப்பே இல்ல. சுற்றுலா உதவிக்கு 1363. ரூம் அட்வான்ஸ்னு ஆன்லைன்ல பணம் போயிடுச்சுன்னா உடனே 1930.

விலை பேசும்போது இன்னொண்ணு. சீசன் இல்லைங்கிறதுக்காக நாமளும் அடிமாட்டு விலைக்குக் கேக்கக் கூடாது. எதிர்ல நிக்கிறவருக்கும் அன்னிக்கு அடுப்பு எரியணும்.

பிள்ளையாரை வித்தவரைத் தேடிப் போனோம், ஆள் இல்ல. அவர் இப்போ ஜெர்மனியில ஒரு புத்தக அலமாரி மேல உட்கார்ந்திருக்கார். பிள்ளையாரைத் தான் சொல்றேன். எத்தனை வருஷம் பழசுன்னு யாராவது கேட்டா, "போன வருஷம் மாமல்லபுரத்துல ஒரு பையன் செஞ்சது"ன்னு தம்பி சொல்றானாம். அந்தப் பையன் பேர் தான் எங்களுக்குத் தெரியல. நீங்க வாங்கும்போது கேட்டு வெச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.