பொதுச் செலவை யார் ஏற்பது? – அமெரிக்க வீட்டு உரிமையாளர் சங்கங்களின் வரலாறு

அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டு ஏறத்தாழ 10,000 குடியிருப்புச் சங்கங்களே இருந்தன. இன்று அவற்றின் எண்ணிக்கை மூன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. உட்சாலை, பூங்கா, கூரை, நீச்சல் குளம், கழிவுநீர்க் குழாய் என எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவானவற்றைப் பழுது பார்ப்பதும் அதற்கான பணத்தை வசூலிப்பதும், உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவின் பொறுப்பாகும். வேலியின் உயரத்தையும் கதவின் நிறத்தையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்துக்காகவே இச்சங்கங்கள் பெரிதும் பேசப்படுகின்றன என்றாலும், அவற்றின் வரலாற்றில் தீராத சிக்கலாக இருந்துவருவது பராமரிப்புப் பணம்தான்.

இச்சங்கங்களின் சட்ட வேர் லண்டனில் உள்ளது. லெஸ்டர் சதுக்கத்தின் நடுவிலிருந்த தோட்டத்தை 1808இல் விற்ற டல்க் என்பவர், அதில் கட்டடம் எழுப்பாமல் தோட்டமாகவே பேணவேண்டும் என்று கிரயப் பத்திரத்தில் நிபந்தனை விதித்தார். பலர் கைமாறி அந்த நிலம் மாக்ஸே என்பவரிடம் வந்தபோது அவருடைய பத்திரத்தில் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் அப்படியொன்று இருப்பதை அறிந்தே அவர் வாங்கியிருந்தார் என்பதால், அது அவரையும் கட்டுப்படுத்தும் என்று 1848இல் காட்டன்ஹாம் பிரபு தீர்ப்பளித்தார். நபரோடு முடிந்துவிடாமல் நிலத்தைத் தொடர்ந்து செல்லும் நிபந்தனை என்னும் கருத்து இவ்வாறு உறுதிப்பட்டது. எனினும், ஒன்றைச் செய்யாதே என்னும் தடை மட்டுமே அடுத்தடுத்த உரிமையாளரையும் பிணைக்கும், பணம் செலவிடு என்னும் கட்டளை பிணைக்காது என்று அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில நீதிமன்றங்கள் எல்லை வகுத்தன. தோட்டத்தில் வீடு கட்டுவதைத் தடுக்க முடிந்த சட்டத்தால், அத்தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் செலவைப் புதிய உரிமையாளரிடம் கேட்க முடியவில்லை.

அமெரிக்காவில் நியூயார்க்கின் கிராமர்சி பூங்காவும் (1831) பாஸ்டனின் லூயிஸ்பர்க் சதுக்கமும் (1844) சுற்றியுள்ள மனைக்காரர்களின் பொதுச் செலவில் பேணப்பட்ட தொடக்ககால எடுத்துக்காட்டுகள். செல்வர் சிலர் ஒரு பூங்காவுக்குப் பணம் போடுவது எளிது. நூற்றுக்கணக்கான மனைகள் கொண்ட ஊர்ப்பகுதியில் அது எளிதன்று. நியூயார்க் நகரின் நெபான்சிட் கடற்கரைப் பகுதியில் 1917ஆம் ஆண்டின் கிரயப் பத்திரமொன்று, 20 அடிக்கு 100 அடி மனை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 4 டாலருக்கு மேற்படாத கட்டணத்தை விதித்தது. சாலை, நடைபாதை, பூங்கா, கடற்கரை, கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றைப் பராமரிக்கவே அந்தப் பணம். பின்னர் அம்மனையை நீதிமன்ற ஏலத்தில் எடுத்த வங்கியொன்று, பணம் கட்டும் கடமை நிலத்தைத் தொடராது என்றும், அக்கட்டணத்தைக் கேட்ட மனை உரிமையாளர் சங்கத்துக்கு அங்கே சொந்த நிலமில்லாததால் வழக்காட உரிமையில்லை என்றும் வாதிட்டது. சங்கம் என்பது உரிமையாளர்களின் பொது நலனுக்கான கருவியே என்று கூறி, நியூயார்க்கின் உச்ச நிலை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1938இல் இரு வாதங்களையும் தள்ளியது. இன்று அமெரிக்கச் சங்கங்கள் வசூலிக்கும் கட்டணத்துக்கு வலுவான அடித்தளமாக விளங்குவது இந்த நான்கு டாலர் வழக்கே.

இதே நிபந்தனை முறை இழிவான நோக்கத்துக்கும் பயன்பட்டது. கறுப்பின மக்களுக்கு வீடு விற்கலாகாது என்னும் ஷரத்துகள் பத்திரம் பத்திரமாக எழுதப்பட்டன; அவற்றை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாதென உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளிக்கும்வரை அக்கம்பக்கத்துச் சங்கங்களே அவற்றுக்குக் காவல் நின்றன. பூங்காவைப் பேணுவதில் காணாத சுறுசுறுப்பை ஆளைத் தடுப்பதில் காட்டிய சங்கங்கள் பல.

அடுக்குமாடி வீடுகள் பெருகியபோது, எந்தப் பழுதை எப்போது, எவ்வளவு செலவில் பார்ப்பது என்ற முடிவின் கனம் கூடியது. கலிபோர்னியாவின் லா ஹோயா பகுதியிலிருந்த குடியிருப்பு ஒன்றில் கரையான் பரவியபோது, கட்டடம் முழுவதையும் மூடிப் புகையூட்டாமல், கண்ட இடங்களில் மட்டும் மருந்திட்டால் போதுமென நிர்வாகக் குழு முடிவு செய்தது. செலவையும், குடியிருப்போர் வெளியேற வேண்டியிருப்பதையும் அது எண்ணிப் பார்த்திருந்தது. அதை எதிர்த்து உறுப்பினர் ஒருவர் தொடுத்த வழக்கில், போதிய விசாரணைக்குப் பின் நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட பராமரிப்பு முடிவை நீதிமன்றம் தன் கருத்தால் மாற்றாது என்று 1999இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. ஊதியமின்றிப் பணியாற்றும் அண்டை வீட்டாருக்கு இப்பாதுகாப்பு நியாயமானதே. ஆனால் கட்டணத்தை உயர்த்தும் குழுவை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பக்கூடியவர்களும் அதே அண்டை வீட்டார்தாம் என்பதற்கு இதில் மருந்தில்லை.

அந்தக் குறை எவ்வளவு தூரம் போகும் என்பதை ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடு ஊர் காட்டியது. 1981இல் கட்டப்பட்ட, 136 வீடுகள் கொண்ட 12 மாடிக் கட்டடத்தில், நீச்சல் குளத் தளத்துக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்பு பழுதாகிக் கான்கிரீட் சேதமடைந்திருப்பதைப் பொறியாளர் அறிக்கை 2018இல் சுட்டியது. பெரும் பழுதுகளுக்கென முன்கூட்டியே சேர்த்துவைக்கும் ஒதுக்கு நிதி அங்கே தேவைக்கு வெகு குறைவாக இருந்தது. ஆண்டுதோறும் வாக்கெடுத்து அந்நிதிக்கான பங்களிப்பை உரிமையாளர்களே விட்டுவிடலாம் என்று அம்மாநிலச் சட்டம் இடமளித்திருந்தது. செலவு பற்றிய பூசல்களுக்கிடையே 2019இல் குழு உறுப்பினர்களில் பெரும்பாலோர் விலகினர். 1.5 கோடி டாலர் சிறப்பு வசூலுக்கு 2021 ஏப்ரலில்தான் வழி பிறந்தது. வீட்டளவுக்கேற்ப ஒவ்வொருவர் பங்கும் ஏறத்தாழ 80,000 டாலரில் தொடங்கியது. ஜூன் 24 அதிகாலையில் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் மாண்டனர். தொடக்க வடிவமைப்பின் குறைகளும் ஆய்வில் வெளிப்பட்டன என்பதால் குழுவை மட்டும் குற்றவாளியாக்குவது பிழை.

மூன்று மாடிக்கும் அதற்கு மேலும் உள்ள பழைய கட்டடங்களுக்குக் கட்டாயச் சோதனையையும், கட்டமைப்புப் பழுதுகளுக்கான ஒதுக்கு நிதியைக் கணக்கிடும் ஆய்வையும் 2022இல் ஃபுளோரிடா விதித்தது. அந்நிதியை வாக்கெடுத்துத் தள்ளுபடி செய்யும் உரிமையும் பறிக்கப்பட்டது. தாங்க முடியாத கட்டணம் என்று உரிமையாளர்கள் முறையிட, அந்த ஆய்வை முடிப்பதற்கான கெடுவை 2025இல் சட்டமன்றமே ஓராண்டு தள்ளிவைத்தது.