தான், தான்

கவிதை வலது மூளையின் காரியம், தர்க்கமும் விமர்சனமும் இடது மூளையின் காரியம் என்ற பங்கீடு எழுத்தாளர்கள் பேச்சில் சர்வசாதாரணமாகிவிட்டது. சொல்பவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம். கவிதையைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று விஞ்ஞானமே அனுமதி கொடுத்துவிட்ட மாதிரி. இந்தப் பங்கீட்டின் சரித்திரம் அப்படியொன்றும் அனுமதி கொடுப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பாரிஸை ஒட்டிய பிசேத்ர் ஆஸ்பத்திரியில் லெபோர்ஞ் என்ற நோயாளி 21 வருஷம் இருந்தார். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வந்தது 'தான்' என்ற ஒரே அசை. அதுவும் பெரும்பாலும் இரட்டையாக, 'தான், தான்' என்று. (தமிழில் இதற்குப் பொருள் உண்டு, அவருக்கு அந்த ஆறுதலும் இல்லை.) 1861 ஏப்ரலில் அவர் இறந்ததும் பால் பிரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். இடது பாதியின் முன்பகுதியில் சிதைவு. வேறு நோயாளிகளையும் பார்த்த பிறகு, 1865ல், நாம் இடது பாதியைக் கொண்டு பேசுகிறோம் என்று எழுதினார்.

எல்லோரும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிரோக்கா இன்னொன்றையும் குறித்து வைத்திருக்கிறார். லெபோர்ஞுக்குப் பிறர் பேசுவது பெரும்பாலும் புரிந்தது. அவருடைய சைகை மற்றவர்களுக்குப் புரியாதபோது கோபம் வரும். அப்போது கடவுள் பெயரை இழுத்து ஒரு முழு வசவு அவர் வாயிலிருந்து வந்துவிடும். பேச்சு இடதில் அழிந்துபோயிற்று என்றால் வசவு எங்கிருந்து வந்தது?

லண்டனில் ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன் இந்த மாதிரி நோயாளிகளிடம்தான் அதிகம் தங்கி நின்றார். வசவு, பழகிப்போன தொடர்கள் இவற்றை வலது பாதி தாங்கக்கூடும், புதிதாக ஒன்றைச் சொல்ல இடது வேண்டும் என்பது அவர் கருத்து. அதைவிட முக்கியமாக, பேச்சை அழிக்கும் சிதைவுக்கு இடம் காட்டுவது வேறு, பேச்சுக்கு இடம் காட்டுவது வேறு என்றார். கிணற்றுக் கயிறு அறுந்தால் தண்ணீர் வராது. தண்ணீர் கயிற்றில் இருந்தது என்று யாரும் சொல்வதில்லை.

பிறகு வந்தவர் ரோஜர் ஸ்பெர்ரி. வலிப்பு நோய்க்காக இரு பாதிகளுக்கும் இடையிலுள்ள நரம்புப் பாலம் வெட்டப்பட்டவர்களைப் பரிசோதித்து 1981ல் நோபல் பரிசு பெற்றார். ஜனரஞ்சகப் புத்தகங்கள் இதிலிருந்து இரண்டு ஆசாமிகளையே உண்டாக்கிவிட்டன. அவருடைய மாணவர் கஸ்ஸானிகா, லெடூவுடன் சேர்ந்து 1970களில் செய்த பரிசோதனை எனக்குப் பெரிது. பாலம் வெட்டப்பட்ட ஒருவரின் இடது பாதிக்குக் கோழிக்கால், வலது பாதிக்குப் பனி மூடிய வீடு காட்டப்பட்டது. பொருத்தமான படங்களைத் தொடச் சொன்னார்கள். வலது கை கோழியைத் தொட்டது, இடது கை பனி அள்ளும் மண்வாரியை. ஏன் என்று கேட்டதற்கு, பனியைப் பார்த்தேயிராத இடது பாதி தயங்கவில்லை. கோழிக்காலுக்குக் கோழி, கோழிக்கூண்டைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமே!

விமர்சனம் எழுதுகிறவர்கள் கொஞ்சம் நெளிய வேண்டிய இடம் இது. நானும்தான். ஆனால் கவிஞர்கள் நிம்மதியடைவதற்கும் இதில் ஒன்றுமில்லை. உருவகம் வலது பாதியின் தனிச்சொத்து என்ற எண்ணமும் பின்வந்த ஆய்வுகளில் நிற்கவில்லை; இரண்டு பாதிகளுமே அதில் உழைக்கின்றன.

லெபோர்ஞின் மூளையைப் பிரோக்கா அறுக்காமல் முழுசாக விட்டுவைத்தார். பாரிஸில் அது பாதுகாக்கப்பட்டு வந்தது. 2007ல் வெளியான ஆய்வில் அதைக் காந்தக் கருவியால் படமெடுத்துப் பார்த்தார்கள். சிதைவு பிரோக்கா கண்ட மேற்பரப்போடு நிற்கவில்லை. பகுதிகளைப் பகுதிகளோடு இணைக்கும் உள் இழைகள் வரை போயிருந்தது.