ஒளிச்சுவடியும் பதிப்பு நெறியும்

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கினார். தம் விருப்பத்திற்கேற்பச் சொல்லை மாற்றினாரல்லர். புகைப்படச் சுருளும் ஒரு சுவடியே. ஒளியால் எழுதப்பட்ட சுவடி. அதனைப் பதிப்பிக்கும் நெறியோ நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் அதுபற்றிச் சிந்திப்பது பொருத்தமாகும்.

1839இல் ஐரோப்பாவில் அறிவிக்கப்பெற்ற இக்கலை, இருபதாண்டுகளுக்குள் காவிரிநாட்டை அடைந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்து அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, நீண்டதொரு பட்டையாக்கினார். அக்காலத்து வேதிப்பொருள் நீலநிறத்தை மிகுதியாக வாங்கியமையால் வானம் வெறுமையாகவே பதியும். டிரைப் தம் தாள் நெகடிவ்களில் வண்ணம் தீட்டி முகில்களை வரைந்ததுண்டு. படத்தைத் திருத்துதல் கணிப்பொறி தந்த வழக்கமன்று என்பது இதனால் விளங்கும்.

பின்னர் ஊர்தோறும் ஸ்டூடியோக்கள் தோன்றின. இருட்டறையில் டெவலப்பர், ஒளிபட்ட வெள்ளியுப்பைக் கரிய வெள்ளித்துகளாக்கும். ஹைப்போ, எஞ்சிய உப்பைக் கரைத்தகற்றும். பின்பு நன்னீரில் நெடுநேரம் கழுவுதல் வேண்டும். கழுவுதல் குறைந்தால் ஆண்டுகள் செல்லச் செல்லப் படம் கறைபடும். முகத்து வடுக்களை நெகடிவின்மேல் பென்சிலால் மறைக்கும் ‘டச்சிங்’ வேலையும் அங்கு நிகழ்ந்தது. அச்சுப்படத்தில் வடு மறையினும், உற்று நோக்குவார்க்கு நெகடிவில் பென்சில் தடம் தெரியும். கணிப்பொறித் திருத்தமோ தடம் வைப்பதில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குக் கோட்டுச்சேரிமேடும் தப்பவில்லை. எங்கள் உறவினர் இல்லமொன்றில் சுவரிலிருந்த படங்கள் யாவும் போயின; பரண்மீதிருந்த நெகடிவ் உறை ஒன்றே எஞ்சியது. பின்னாளில் அதனை ஒரு கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்தோம். வந்த படத்தில் மூதாட்டியின் முகம் வழவழப்பாயிருந்தது. அம்மைத் தழும்புகள் இல்லை. “இது யார்?” என்று கேட்டார் அவர் மகள். நல்லவேளையாக நெகடிவ் எங்களிடம் திரும்பியது. தழும்புகளோடு மீண்டும் படியெடுத்தோம்.

ஆதலின் தொடங்குவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். சுருளை ஓரங்களில் மட்டுமே பிடித்து, மென்தூரிகையால் தூசு நீக்குக. 35 மி.மீ. சுருளை அங்குலத்திற்கு 3000 புள்ளிகள் அளவிலேனும் ஸ்கேன் செய்து, ‘டிஃப்’ கோப்பாகச் சேமிக்க. அம்மூலத்தைத் தொடாது, அதன் படியொன்றில் மட்டும் திருத்துக. தூசும் கீறலும் காலம் சேர்த்தவை, நீக்கலாம். தழும்பு அவர்தம் வாழ்வு, நீக்கலாகாது. செய்த மாற்றத்தைக் குறித்து வைத்தலும் பதிப்பாசிரியர் கடன்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயிற் படங்களை ஒரு லட்சத்திற்கும் மேலாகத் தொகுத்துள்ளது. நம் இல்லத்து முகங்களைத் தொகுக்க நாமே முன்வர வேண்டும். கவிஞர் பெருமக்கள் தத்தம் வீட்டுப் பரணை ஒருமுறை பார்ப்பார்களாக. படத்திலிருப்போர் பெயரைச் சொல்லவல்ல முதியோர் இருக்கும்போதே அப்பெயர்களை எழுதி வைப்பார்களாக.