அமர்னாவின் அச்சுகள்

எகிப்தியத் தாயத்து எண்டதும் எங்களுக்கு முதலில் மம்மிகள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் உயிரோடு இருந்தவர்களும் அதைக் கழுத்தில் கட்டித்தான் திரிந்தார்கள். அதில் இரண்டு உருவங்களை விட்டுப்போட்டு இந்தக் கதையைப் பேச ஏலாது.

ஒன்று தவேரெத். கர்ப்பிணி நீர்யானை, தொங்கும் மார்பு, சிங்கத்தின் கால், முதுகில் முதலை. வடிவில்லைத்தான். ஆனால் குட்டியோடு நிற்கும் நீர்யானையிடம் ஒருவரும் கிட்டப் போகமாட்டார்கள் எண்டு நைல் கரைச் சனத்துக்குத் தெரியும். மற்றது பெஸ். வளைந்த கால் குள்ளன், சிங்க முகம், வெளியே நீட்டிய நாக்கு. எகிப்தியர் கடவுளரைப் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் வரைந்தார்கள். பெஸ் நேரே முறைச்சுப் பார்ப்பார். தீய சக்தியை விரட்ட வந்தவர் முகத்தைத் திருப்பினால் சரிவராது தானே! பிள்ளைப்பேறு, தாய், பச்சைக் குழந்தை: இருவருக்கும் காவல் வேலை அங்கேதான்.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அக்நாத்தன் எண்ட அரசன் சூரிய வட்டமான ஆத்தனை மட்டும் முன்னிறுத்தினான். ஆமூன் கடவுளின் பெயரைச் சுவர்களில் இருந்து கொத்தி அழிப்பித்தான். புதுத் தலைநகரும் கட்டினான். அந்த இடம்தான் இன்றைய அமர்னா. ஆத்தனுக்கு முகம் இல்லை. கதிர்களின் நுனியில் சின்னச் சின்னக் கைகள் உண்டு. சிற்பங்களில் அவை உயிர் கொடுப்பது அரச குடும்பத்துக்குத்தான். நோவெடுத்துக் கிடக்கும் ஒரு கூலியாளின் மனைவி ஆரைக் கூப்பிடுறது?

பதில் மண்ணுக்குள் கிடந்தது. 1891-92இல் பிளிண்டர்ஸ் பெட்ரியும், அவருக்குப் பின் வந்தவர்களும் தோண்டியபோது அதே நகரில் பெஸ், தவேரெத் தாயத்துகள் வெளிவந்தன. தொழிலாளர் குடியிருப்பில் ஒரு வீட்டுச் சுவரிலேயே இருவரையும் வரைந்திருந்தார்கள். எங்களுக்கு முக்கியமாகப் படுவது களிமண் அச்சுகள். குவார்ட்ஸ் தூளோடு உவரும் சுண்ணாம்பும் செம்பும் சேர்த்து, அச்சில் அமுக்கிச் சுட்டால் நீலப்பச்சை மினுக்கத்தோடு தாயத்து வரும். மலிவு. பழையதை ஒளிச்சு வைத்திருந்தால் தாயத்து மட்டும் கிடைத்திருக்கும். அச்சும் கிடைக்குது எண்டால், அங்கேயே செய்திருக்கினம்.

அரசன் கண்டுகொள்ளாமல் விட்டான் எண்டு சொல்லலாம். பெஸ்ஸிடம் ஆமூனைப் போலப் பறிக்கக் கோயில் சொத்தும் இல்லை. எண்டாலும் அதை அவனுடைய தாராளம் எண்டு எழுத எங்களுக்கு மனமில்லை.

அவன் செத்துச் சில வருடங்களிலேயே அமர்னா கைவிடப்பட்டது. பெஸ்ஸோ ரோமர் காலத்திலும் அபிடோஸில் குறி சொல்லிக்கொண்டிருந்தார். கி.பி. 359இல், அங்கே சனம் எழுதி வைத்த கேள்விச் சீட்டுகள் சில பேரரசன் இரண்டாம் கொன்ஸ்டான்டியஸின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவன் கண்டுகொள்ளாமல் விடவில்லை. இராஜதுரோக விசாரணை வைத்தான்.