ரோமிலிருந்து புறப்பட்ட பேய்

ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது? 1614இல், திருத்தந்தை ஐந்தாம் பவுலின் காலத்தில், ரோம் வெளியிட்ட சடங்கு நூலில் இதற்கு விடை இருக்கிறது. குருவானவருக்கு முதலில் ஓர் எச்சரிக்கை: எளிதில் நம்பிவிட வேண்டாம், வெறும் நோயாகவும் இருக்கலாம். பிறகு அடையாளங்கள். கற்றறியாத மொழியில் பேசுவது, தொலைவில் நடப்பதையும் மறைவில் இருப்பதையும் சொல்வது, வயதுக்கு மீறிய பலத்தைக் காட்டுவது. எழுதியவர்கள் எச்சரிக்கை மிகுந்த பாதிரிமார்கள்தான். ஆனால் முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து வந்த திகில்படத் தயாரிப்பாளர்களுக்கு இதைவிடக் கச்சிதமான காட்சிப் பட்டியலை வேறு யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

சடங்குக்குக் கூட்டம் சேரும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பிரான்சின் லூதான் நகரத்தில் கன்னியர் மடத்துச் சகோதரிகளுக்குப் பேய் பிடித்ததாகப் பேச்சு எழ, பேயோட்டல் ஊரறிய நடந்தது. வேடிக்கை பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிந்தார்கள். பழி உர்பேன் கிராந்தியே என்ற பாதிரியார் தலையில் விழுந்தது. 1634இல் அவரை உயிரோடு எரித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து மடத்தலைவி தன் கையில் தோன்றியதாகச் சொன்ன புனிதப் பெயர்களைக் காட்டிக்கொண்டு பிரான்சைச் சுற்றி வந்தார். அரச குடும்பத்தாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். எரிக்கப்பட்டவரை அதற்குள் எத்தனை பேர் நினைவில் வைத்திருந்தார்களோ!

அட்லாண்டிக்கைத் தாண்டி அதே சடங்கு 1949இல் அமெரிக்காவில் தலைகாட்டியது. மேரிலாண்டைச் சேர்ந்த சிறுவன் ஒருவனுக்கு செயின்ட் லூயிஸ் நகரில் இயேசு சபைக் குருக்கள் பேயோட்டினார்கள். ‘வாஷிங்டன் போஸ்ட்’ அதைச் செய்தியாக்கியது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த வில்லியம் பீட்டர் பிளாட்டி என்ற இளைஞர் மனத்தில் அந்தச் செய்தி தங்கிவிட்டது. அங்கேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊறியது.

அது ஊறிக்கொண்டிருந்த வேளையில் இத்தாலியின் தெற்கு மூலையில் வேறொன்று நடந்தது. 1959 ஜூனில் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ என்ற மானுடவியலாளர் ஒரு குழுவோடு சலெந்தோ வட்டாரத்துக்குப் போனார். அங்கே சிலந்தி கடித்ததாகச் சொல்லிக்கொண்ட ஏழைக் குடியானவப் பெண்கள் தரையில் புரண்டு, வயலினுக்கும் கைப்பறைக்கும் களைத்து விழும்வரை ஆடினார்கள். ஜூன் 29 அன்று கலாத்தினாவிலுள்ள பவுல் அடியாரின் சிற்றாலயத்தில் வந்து நேர்த்திக்கடன் தீர்த்தார்கள். நம் ஊரில் உடுக்கையும் பம்பையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தெ மார்த்தினோ இதைப் பேயென்றும் சொல்லவில்லை, நோயென்று சுருக்கவும் இல்லை. வறுமையும் சொல்லமுடியாத துயரமும் உடம்பு வழியே பேசுகின்றன என்றார். 1961இல் அவர் நூல் வெளிவந்தது.

தெற்குக் கிராமங்களைப் பற்றிய அவருடைய ஆய்வுகளிலிருந்து ஒரு சினிமா பிறந்தது. ஃபெலினியின் ‘எட்டரை’ படத்துக்குத் திரைக்கதையில் கைகொடுத்த புருனெல்லோ ரோந்தி, அது வெளிவந்த அதே 1963இல் ‘இல் தெமோனியோ’ என்ற படத்தை இயக்கினார். ஏமாற்றப்பட்ட ஒரு கிராமத்துப் பெண்ணைப் பேய் பிடித்தவள் என்று ஊர் முத்திரை குத்துகிறது. தேவாலயத்தில் பேயோட்டும்போது அவள், நடிகை தாலியா லாவி, மல்லாந்து வில்லாக வளைந்து, கைகால் ஊன்றிப் பூச்சிபோல் தரையில் நகர்கிறாள். கறுப்பு வெள்ளைப் படம். தந்திரக் காட்சி எதுவும் இல்லை, ஒரு நடிகையின் முதுகெலும்பு மட்டும்தான். இன்று பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

பிளாட்டியின் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ நாவல் 1971இல் வந்தது. வில்லியம் ஃபிரைட்கின் இயக்கிய படம் 1973 டிசம்பர் 26 அன்று வெளியானது. மற்றதெல்லாம் வாசகர்களுக்குத் தெரியும்: சுழலும் தலை, மிதக்கும் கட்டில், பட்டாணி சூப்பில் செய்த பச்சை வாந்தி. பலருக்குத் தெரியாத ஒன்று, அந்தப் படத்திலும் சிறுமி மல்லாந்து வளைந்தபடி மாடிப்படியில் இறங்கி வரும் காட்சியை எடுத்திருந்தார்கள். தாங்கிப் பிடித்த கம்பிகள் திரையில் தெரிந்ததால் வெட்டிவிட்டார்கள். கணினியால் கம்பியை அழித்து, 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார்கள். ‘எக்ஸார்சிஸ்ட்’டுக்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கம்பியில்லாமல் தாலியா லாவி செய்துவிட்ட வேலை அது.

1974இல் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ இத்தாலியில் திரையிடப்பட்டது. ரோமின் சடங்கை ரோமுக்கே விற்க வந்தது, கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஊசி அமோகமாக விற்றது. கொல்லர்களும் சும்மா இருக்கவில்லை.

அன்றைய இத்தாலிய சினிமா வியாபாரம் நம் கோடம்பாக்கத்துக்காரர்களுக்கு உடனே புரியும். படம் எடுக்கும் முன்பே ஏரியா ஏரியாவாக விநியோகஸ்தர்களிடம் எம்.ஜி. (குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை) வாங்கிவிடுவார்கள். எம்.ஜி. கொடுப்பவர் கேட்பது ஒன்றே ஒன்று: ‘போன மாதம் ஓடியதே, அதுபோல் ஒன்று.’ ஹெர்குலிஸ் ஓடினால் நூறு ஹெர்குலிஸ். குரோசாவாவின் ‘யோஜிம்போ’வை எடுத்து செர்ஜியோ லியோனே 1964இல் கௌபாய் படமாக்கினார். ஜப்பானியர்கள் வழக்குப் போட்டு வசூலில் 15 சதவீதம் வாங்கினார்கள். ஆனாலும் அந்தக் காப்பியிலிருந்து ஒரு புது வகைச் சினிமாவே பிறந்தது. போஸ்டரில் இயக்குநர்கள் ஆங்கிலப் பெயர் சூடிக்கொள்வது வழக்கம். லியோனேயே அப்போது ‘பாப் ராபர்ட்சன்’தான்.

பேய்ப் படத்துக்கு அவர்களிடம் இன்னொரு வசதியும் இருந்தது. இத்தாலியில் அப்போது நடிகர்கள் அவரவர் மொழியில் பேசி நடிப்பார்கள், குரல் முழுக்கப் பிறகு டப்பிங்கில் சேரும். ஒரு பெண்ணின் வாயில் இன்னொருவரின் கரகரத்த குரலைப் பொருத்துவது ஹாலிவுட்டுக்குச் சாதனையாக இருக்கலாம். ரோமின் ஒலிக்கூடங்களுக்கு அது அன்றாடப் பிழைப்பு.

1974 முடிவதற்குள் சரக்கு வந்து இறங்கியது. அல்பெர்த்தோ தெ மார்த்தினோவின் ‘லான்டிக்ரிஸ்தோ’வில் ரோம் பிரபு குடும்பத்துப் பெண்ணைப் பேய் பிடிக்கிறது, அவளுடைய மூதாதை ஒருத்தி சூனியக்காரி என்று எரிக்கப்பட்டவள். படம் தொடங்குவது திருத்தலம் ஒன்றில், மண்ணில் தவழ்ந்தும் புரண்டும் அலறும் பக்தர் கூட்டத்தோடு. மானுடவியலாளரின் குடும்பப்பெயர்தான் இயக்குநருக்கும் என்பது தற்செயல். அந்த முதல் பத்து நிமிடங்களைக் காப்பி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எகிப்தில் பிறந்த ஓவிதியோ அசோனிதிஸ், ரொபெர்த்தோ பியாத்சோலியோடு எடுத்த ‘கி சேய்?’ அப்படியல்ல, கூச்சமில்லாத கலவை. கதை நடப்பது சான் ஃபிரான்சிஸ்கோவில், பேய் பிடிப்பது கர்ப்பிணிக்கு. வீட்டுச் சிறுவன் பட்டாணி சூப் டின்னில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டே திரிகிறான்! ‘பியாண்ட் தி டோர்’ என்ற பெயரில் அமெரிக்காவில் அது நன்றாகவே ஓட, வார்னர் பிரதர்ஸ் வழக்குப் போட்டது. கடைசியில் சமரசமானது.

இந்த ஓட்டத்தில் மிதிபட்டவர் இயக்குநர் மரியோ பாவா. ‘லீசா எ இல் தியாவொலோ’ என்று கனவு போன்ற ஒரு படத்தை ஸ்பெயினில் எடுத்திருந்தார். தொலேதோவில் வழி தவறும் சுற்றுலாப் பெண், சுவரோவியச் சாத்தானின் சாயலில் லாலிபாப் சப்பும் வேலைக்காரர், மனிதர்களா பொம்மைகளா என்று தெரியாத உருவங்கள். 1973 கான் விழாவில் காட்டியும் வாங்க ஆளில்லை. பிறகு ‘எக்ஸார்சிஸ்ட்’ அலை வந்தது. தயாரிப்பாளர் அல்ஃப்ரெடோ லியோனே நடிகை எல்கே சோமரைத் திரும்ப அழைத்து, கட்டிலில் துள்ளவிட்டு, வாந்தியெடுக்க வைத்து, ஒரு பாதிரியாரையும் நுழைத்தார். பாவாவுக்கு புதிதாகச் சேர்த்த ஆபாச வசனங்களில் விருப்பமில்லை. பல காட்சிகளைத் தயாரிப்பாளரிடமே விட்டுவிட்டார். 1975இல் அது ‘பேயோட்டும் வீடு’ என்று பெயர் மாறி வந்தது, இயக்குநர் பெயர் ‘மிக்கி லயன்’. பேய் பிடித்தது அந்தப் படத்துக்குத்தான். பாவா 1980இல் இறந்தார். அவர் மனத்தில் இருந்த படத்தை ரசிகர்கள் பரவலாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

காப்பியடித்ததில் இத்தாலி தனியாகவும் இல்லை. பெர்லினில் தங்கக் கரடி வாங்கிய துருக்கிய இயக்குநர் மெதின் எர்க்சான் 1974இல் ‘ஷெய்தான்’ எடுத்தார். காட்சிக்குக் காட்சி ஈயடிச்சான் காப்பி, சிலுவை மட்டும் போய் இஸ்லாம் வந்தது. கருப்பின நடிகர்களோடு அமெரிக்காவிலேயே வந்த ‘ஆபி’யை வார்னர் வழக்குப் போட்டு முடக்கியது. 1977இல் இந்தியிலும் ‘ஜாது டோனா’ வந்தது.

நகலெடுத்தவர்களுக்கும் மூலத்தாருக்கும் இடையிலான வேலி நாம் நினைப்பதுபோல் உயரமில்லை. ‘லான்டிக்ரிஸ்தோ’வுக்கு இசை தந்த இருவரில் ஒருவர் என்னியோ மொரிக்கோனே. வார்னர் 1977இல் எடுத்த ‘எக்ஸார்சிஸ்ட்’ இரண்டாம் பாகத்துக்கும் அவரே இசை! ‘லான்டிக்ரிஸ்தோ’வின் ஒளிப்பதிவாளர் அரிஸ்தீதே மசாச்செசி, ஜோ தமாத்தோ என்ற பெயரில் பின்னாளில் மலிவுப் படங்களின் சக்கரவர்த்தி ஆனார். அமெரிக்காவின் ‘ஈவில் டெட்’ இத்தாலியில் ‘லா காசா’ என்று ஓடியதைப் பார்த்து, சம்பந்தமே இல்லாத படங்களை ‘லா காசா 3’, ‘லா காசா 4’ என்று அவர் நிறுவனம் சந்தைக்கு விட்டது. 1988இல் வந்த நான்காவதில் பேய் பிடித்த பெண்ணாக நடித்தவர் லிண்டா பிளேர், ‘எக்ஸார்சிஸ்ட்’டின் அதே சிறுமி.

சடங்கு நூலை ரோம் 1999இல்தான் புதுப்பித்தது. ரோம் மறைமாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோருக்குப் பேயோட்டியதாகச் சொன்ன அருட்தந்தை கபிரியேலே அமோர்த், தனக்குப் பிடித்த படம் ‘தி எக்ஸார்சிஸ்ட்’ என்பார். 2016இல் அவர் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு ஃபிரைட்கினே கேமராவோடு வந்து அவர் பேயோட்டுவதைப் படம்பிடித்தார். 2023இல் ஹாலிவுட் அமோர்த்தையே நாயகனாக்கி ‘தி போப்ஸ் எக்ஸார்சிஸ்ட்’ எடுத்தது. படப்பிடிப்பு அயர்லாந்தில், அமோர்த்தாக ரஸல் குரோ. திருத்தந்தையாக நடித்தவர் ஃபிராங்கோ நீரோ. 1966இல் சவப்பெட்டியை இழுத்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தாரே, இத்தாலிய கௌபாய் ‘ஜாங்கோ’, அவரேதான்.